ஆலைத் தொழிலாளரின் பெரியக்கா

குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரைச் சபர்மதி ஆறு இரண்டாகப் பகுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்று அவ்வாற்றங்கரையில் உள்ள காந்தியடிகளின் ஆசிரமத்தைக் காண மாணவர்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன்னர் அந்நகரின் அடையாளம் வேறாக இருந்தது. உயர்ந்து நின்ற புகைபோக்கிகளும், விடியுமுன் ஊதிய ஆலைச் சங்குகளுமே அதனைப் பிறருக்கு அறிவித்தன. 1861-ஆம் ஆண்டு இரஞ்சோட்லால் சோட்டாலால் என்பவர் அங்கு முதல் பஞ்சாலையை இயக்கத் தொடங்கினார். அதன்பின் ஆலைகள் பெருகின. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைப் போலவே அகமதாபாத்தை இந்தியாவின் மான்செஸ்டர் என்றனர். பிழைப்புத் தேடி அந்த ஆலைகளுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே இப்பாடம் உங்களில் சிலருக்கு உங்கள் தாத்தாவின் ஊரைப் பற்றிய கதையாகவும் இருக்கலாம்.

ஆலை முதலாளியின் வீட்டில் பிறந்து, ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்ற அனசூயா சாராபாய் என்னும் பெண்மணியின் வாழ்க்கையை இனிக் காண்போம்.

இளமை

அனசூயா 1885-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் அகமதாபாத்தில் செல்வம் மிக்க சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சாராபாய், தாயார் கோதாவரிபா. காலிகோ ஆலை அக்குடும்பத்துக்கு உரியது. செல்வம் இருந்தும் இளமை இனிதாக அமையவில்லை. ஒன்பது வயதில் அவர் தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். தம்பி அம்பாலாலுக்கு அப்போது வயது ஐந்து. தங்கை ஒருத்தியும் இருந்தாள். உறவினர் ஒருவரின் ஆதரவில் மூவரும் வளர்ந்தனர்.

அக்கால வழக்கப்படி அனசூயாவுக்குப் பதின்மூன்றாம் வயதில் திருமணம் நடந்தது. அம்மணவாழ்க்கை நிலைக்கவில்லை, அவர் பிறந்தகம் திரும்பினார். கணவன் வீட்டைவிட்டு வந்த பெண்ணை ஊரார் இழித்துப் பேசிய காலம் அது. வளர்ந்து ஆளான தம்பி அம்பாலால் தமக்கையின் பக்கம் உறுதியாக நின்றார். தமக்கை படிக்க விரும்பியபோது இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவரும் அவரே. இந்தத் தம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வரலாற்றின் நடுவில் அவர் எதிரணியின் தலைவராக மீண்டும் வருவார்.

மருத்துவம் பயில வேண்டும் என்பதே அனசூயாவின் விருப்பம். மருத்துவக் கல்வியில் விலங்குகளை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வுயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்னும் சமண நெறியில் வளர்ந்த அவருக்கு அது ஒவ்வவில்லை. எனவே இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். உழைப்போருக்கு நீதி கிடைக்கும் வகையில் சமுதாயத்தைப் படிப்படியாகத் திருத்தியமைக்கலாம் என்று கருதிய ஃபேபியன் கழகத்தாரின் எண்ணங்கள் அவரை ஈர்த்தன. வாக்குரிமை கேட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியதை அவர் கண்ணாரக் கண்டார். 1913-இல் பட்டம் எதுவுமின்றித் தாயகம் திரும்பினார். எனினும் அவர் வெறுங்கையோடு வந்தார் என்று கூறுவதற்கில்லை.

ஆலையினுள்ளே

அவர் திரும்பி வந்தபோது ஆலைகளில் வேலை எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தால்தான், பின்னர் அவர் செய்தவற்றின் பொருள் விளங்கும்.

ஆலைக்குள் வரும் பஞ்சு முதலில் தூசு நீக்கப்படும். பின்னர் சிக்கெடுத்துச் சீவப்பட்டு, திரிக்கப்பட்டு, நூலாகும். நூலைக் கண்டுகளில் சுற்றுதல், சிட்டமாக்குதல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். துணியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தறியில் ஏற்றுவர். நெசவுக் கூடத்தில் காற்று உலர்ந்தால் இழை அறும். ஆகவே அங்கு ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்வர். குஜராத்தின் கோடை வெயிலில், காற்றோட்டம் குறைந்த அக்கூடத்தில், நூற்றுக்கணக்கான தறிகளின் பேரொலிக்கு நடுவே நின்றுகொண்டே வேலை செய்வதை எண்ணிப் பாருங்கள். பறக்கும் பஞ்சு மூக்கிலும் தொண்டையிலும் புகும். ஆண்டுகள் செல்லச் செல்ல இருமல் நீங்கா நோயாகும்.

பெண்களுக்கு இவற்றோடு வேறு துன்பங்களும் இருந்தன. பல ஆலைகளில் அவர்களுக்கெனத் தனிக் கழிப்பறை இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. திரும்பி வரும்போது வேலையும் இல்லாமற்போகலாம். கைக்குழந்தையை எங்கே விடுவது? சிலர் உடன் கொண்டுவந்து இயந்திரங்களுக்கருகே கூடையில் கிடத்தினர். வீட்டில் விட்டுச் செல்வோர், அது அழாமல் உறங்கும்பொருட்டுச் சிறிதளவு அபின் கொடுக்கும் கொடிய வழக்கம் மேற்கிந்திய ஆலை நகரங்களில் இருந்தது. அத்தாய்மார்களை நாம் குறைகூற இயலாது. வேலைக்குச் செல்லாவிடில் அக்குழந்தைக்கே பால் இல்லை.

சட்டமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1891-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 11 மணி நேரமாக வரையறுத்தது. 1911-ஆம் ஆண்டின் சட்டம் துணியாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்றது. சட்டம் ஏட்டில் இருந்தது. ஆலைச் சங்கோ முதலாளியின் கையில் இருந்தது.

ஒரு காலைப்பொழுது

தாயகம் திரும்பிய அனசூயா தொழிலாளர் குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குழந்தைக் காப்பகம், பெண்களுக்கான கழிப்பறைகள், பிள்ளைப்பேற்று விடுதி என அவர் பணி விரிந்தது. இவை எளிய பணிகளாகத் தோன்றலாம். ஆயினும் பெண் தொழிலாளியின் ஒரு நாளை விடியல் முதல் இரவு வரை எண்ணிப் பார்த்தவர் மட்டுமே இவற்றைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும் என்பது என் கருத்து. அதுவரை ஆலைகளைப் பற்றிப் பேசியோர் கூலியையும் நேரத்தையும் பற்றியே பேசினர். கழிப்பறையைப் பற்றிப் பேச ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

ஒருநாள் காலை அனசூயா வெளியில் அமர்ந்து குழந்தைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். ஆலையிலிருந்து ஏறத்தாழ பதினைந்து தொழிலாளர் அவ்வழியே சென்றனர். அவர்களுடைய நடை உறக்கத்தில் நடப்போரின் நடைபோல இருந்தது. முகங்களில் உயிர்க்களை இல்லை. அவர்களை அவர் அதற்குமுன் அறியார். ஆயினும் அழைத்து, என்ன நேர்ந்தது என்று வினவினார். இரண்டு இரவும் ஒரு பகலுமாக 36 மணி நேரம் இடைவிடாது வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர்.

பள்ளியும் காப்பகமும் மட்டும் போதா என்பதை அனசூயா அன்று உணர்ந்தார். 36 மணி நேரம் உழைத்த தாய், காப்பகத்திலிருந்து குழந்தையைப் பெற்றுக்கொண்டு என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது இரக்கம் அன்று, நேரமும் கூலியும். அவற்றைப் பெறவேண்டுமாயின் ஆலை முதலாளிகளை எதிர்கொள்ள வேண்டும். அம்முதலாளிகளோ அவருடைய உறவினர்கள், குடும்ப நண்பர்கள், அவர்களுள் முதன்மையானவர் உடன்பிறந்த தம்பி.

1918-ஆம் ஆண்டுப் போராட்டம்

1917-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. உயிருக்கு அஞ்சி மக்கள் நகரைவிட்டு ஓடினர். தொழிலாளரும் ஓடிவிட்டால் ஆலைகள் நின்றுவிடும். எனவே முதலாளிகள் நெசவாளருக்குக் கூலியோடு ஒரு தொகையைக் கூடுதலாகக் கொடுத்து அவர்களை நிறுத்தி வைத்தனர். சில ஆலைகளில் அது கூலியில் 70 விழுக்காடு வரை இருந்தது. பாவு வேலை செய்வோருக்கு இத்தொகை கிடைக்கவில்லை. அவர்கள் அவ்வாண்டு டிசம்பரில் அனசூயாவை நாடி வந்தனர்; அவரும் அவர்களுக்குத் தலைமை ஏற்றார்.

நோய் தணிந்ததும், 1918-இன் தொடக்கத்தில், நெசவாளருக்குக் கொடுத்துவந்த கூடுதல் தொகையையும் நிறுத்த முதலாளிகள் முடிவு செய்தனர். ஆனால் முதல் உலகப் போரின் காரணமாகத் தானியம், துணி, எண்ணெய் யாவும் விலை ஏறியிருந்தன. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்தனர். ஒருவர் மாதம் 20 ரூபாய் கூலி பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்டது 10 ரூபாய். கொடுக்க முன்வந்தது 4 ரூபாய். இந்த ஆறு ரூபாய்க்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருந்தது.

அனசூயா காந்தியடிகளின் துணையை நாடினார். அடிகள் 1915-இல் அகமதாபாத்தில் ஆசிரமம் அமைத்திருந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றை அதில் சேர்த்துக்கொண்டமையால் நன்கொடையாளர்கள் விலகியபோது, 13,000 ரூபாய் கொடுத்துச் சென்றவர் அம்பாலால். ஆக, காந்தியடிகள் இப்போது தமக்கு உதவியவருக்கு எதிராகவே நிற்க வேண்டியதாயிற்று. வரவு செலவுகளையும் விலைவாசியையும் ஆராய்ந்த அவர், 35 விழுக்காடு கேட்பதே நியாயம் என்று முடிவு செய்தார். தொழிலாளர் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டனர். முதலாளிகள் அதற்கும் இணங்கவில்லை; பிப்ரவரி 22 அன்று ஆலைக் கதவுகளை அடைத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய்.

சபர்மதிக் கரையில், நகரின் ஷாபூர் வாயிலுக்கு வெளியே, ஒரு கருவேலமரம் நின்றது. அம்மரத்தடியில் நாள்தோறும் மாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூடினர். 35 விழுக்காடு கிடைக்கும்வரை வேலைக்குத் திரும்புவதில்லை. வேலை இல்லாத காலத்தில் கலகம் செய்வதில்லை, திருடுவதில்லை, பிச்சை எடுப்பதில்லை என்று உறுதி பூண்டனர். ஒவ்வொரு நாளும் ஒரு துண்டறிக்கை வெளியிடப்பட்டது. காந்தியடிகள் எழுதிய அவ்வறிக்கைகள் அனசூயாவின் பெயராலேயே வெளிவந்தன. அனசூயாவும் சங்கர்லால் பாங்கர் முதலிய நண்பர்களும் காலையில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்றனர். பசித்த வீடு எது, நோயாளி யார், குழந்தை பிறந்த வீடு எது என்று கேட்டறிந்தனர். கூலி இல்லாதோருக்கு வேறு வேலை தேடித் தரவும் முயன்றனர். சபர்மதியில் புதிய ஆசிரமக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றின் அடித்தளத்தை நிரப்ப மணல் தேவைப்பட்டது. ஆற்றிலிருந்து மணல் சுமக்கும் அவ்வேலையில் கூடையைத் தலையில் ஏந்தி முன்னே நடந்தவர் அனசூயா. ஆலை உரிமையாளரின் தமக்கை மணல் சுமப்பதை அந்நகரம் அதற்குமுன் கண்டதில்லை.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் கடந்தன. மார்ச் 12 அன்று முதலாளிகள் கதவுகளைத் திறந்து, 20 விழுக்காட்டை ஏற்போர் வரலாம் என்றனர். வீடுகளில் பசி முற்றியது. சிலருடைய மனம் தளர்ந்தது. காந்தியடிகளும் அனசூயாவும் மோட்டார் வண்டியில் வருகிறார்கள், வயிறார உண்கிறார்கள், அவர்களுக்கென்ன என்று தொழிலாளர் சிலர் கசப்போடு பேசியதும் காதில் விழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. அச்சொல் காந்தியடிகளைச் சுட்டது. மார்ச் 15 அன்று, மரத்தடிக் கூட்டத்தில், தீர்வு கிட்டும்வரை உணவு கொள்வதில்லை என்று அவர் அறிவித்தார். அதைக் கேட்ட அனசூயாவின் கண்களில் நீர் வழிந்தது. தளர்ந்திருந்த தொழிலாளர் மீண்டும் உறுதி பெற்றனர்.

மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வுடன்பாடு விந்தையானது. முதல் நாள் 35 விழுக்காடு. தொழிலாளரின் உறுதிமொழி காக்கப்பட்டது. இரண்டாம் நாள் 20 விழுக்காடு. முதலாளிகளின் சொல்லும் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல் நடுவரின் தீர்ப்பு வரும்வரை இடைப்பட்ட 27.5 விழுக்காடு. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நடுவராக அமர்ந்து, பின்னர் 35 விழுக்காடே தகும் என்று தீர்ப்பளித்தார். தம் உண்ணாநோன்பு முதலாளிகளை நெருக்கிவிட்டது என்னும் குறையைக் காந்தியடிகள் பிற்காலத்தில் தாமே எடுத்துரைத்தார்.

வரலாற்று நூல்கள் இப்போராட்டத்தைக் காந்தியடிகளின் வரலாற்றில் ஒரு படியாகவே குறிக்கின்றன. அனசூயாவுக்கு அவற்றில் ஒரு வரி கிடைத்தால் மிகுதி. ஆனால் அடிகள் வருவதற்கு முன்பே தொழிலாளரின் குடியிருப்புகளில் பழகி, அவர்தம் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் அனசூயாவே. அந்த நம்பிக்கை இல்லையேல் மரத்தடியில் கூட்டம் சேர்ந்திராது. மேலும், அவர் இழக்க நேர்ந்திருக்கக்கூடியது தம்பியின் அன்பு. தமக்கு வாழ்வளித்த தம்பியை எதிர்ப்பதைவிட அறியாதவரை எதிர்ப்பது எளிது. நல்வினையாக, அவ்வன்பு முறியவில்லை. வேலைநிறுத்தம் நடந்தபோதும், அதன் பின்னரும், அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை.

சங்கம் பிறந்தது

இதே வேளையில் தென்கோடியில் நடந்ததையும் அறிதல் நன்று. அகமதாபாத்தில் உடன்பாடு ஏற்பட்டது மார்ச் மாதம். அடுத்த மாதமே, 1918 ஏப்ரல் 27 அன்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோருக்காக அது அமைந்தது. பி. பி. வாடியா அதன் தலைவர். உங்கள் தமிழ்ப் பாடநூல்களில் நீங்கள் சந்திக்கும் தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர்.

1920-ஆம் ஆண்டு அகமதாபாத் துணியாலைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. மஜூர் மகாஜன் என்பது அதன் குஜராத்திப் பெயர். மகாஜன் என்பது வணிகர் குழுக்களைக் குறிக்கும் பழம்பெயர். அதைக் கூலித் தொழிலாளர் தமக்குச் சூட்டிக்கொண்டனர். அனசூயா அதன் முதல் தலைவரானார். பிற்காலத்தில் இந்தியாவின் இடைக்காலத் தலைமை அமைச்சராக இருமுறை பணியாற்றிய குல்சாரிலால் நந்தா அச்சங்கத்தில் செயலராக உழைத்தவர். வழக்குகளை நடுவரிடம் பேசித் தீர்ப்பதும், தீராவிடில் மட்டும் வேலையை நிறுத்துவதும் சங்கத்தின் நெறி. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும், நோயுற்றோருக்கு மருத்துவ உதவியையும் அது அளித்தது.

சட்டங்களும் மெல்ல மாறின. 1922-இல் ஆலை வேலை நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என வரையறுக்கப்பட்டது. 1934-இல் அது 10 மணியும் 54 மணியுமாகக் குறைந்தது. பிள்ளைப்பேற்று உதவிக்காக என். எம். ஜோஷி 1924-இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த முன்வரைவு தோற்றது; ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்துப் பம்பாய் மாகாணம் அத்தகைய சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக இயற்றியது. அகமதாபாத் அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இவையெல்லாம் ஒருவரால் விளைந்தவை அல்ல. பல நகரங்களின் வேலைநிறுத்தங்களும் பலருடைய உழைப்பும் இவற்றின் பின்னே உள்ளன.

தொழிலாளர் அனசூயாவை மோட்டாபென் என்று அழைத்தனர். பெரியக்கா என்பது அதன் பொருள். நம் விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய், அம்பாலாலின் மகன். அவருக்கு அனசூயா அத்தை. ஊருக்கெல்லாம் அவர் அக்காவே.

வெளியே நின்ற பெண்கள்

ஒரு செய்தியை மறைக்காமல் கூறவேண்டும். பெண் ஒருவர் தலைமை தாங்கிய சங்கமாயினும், ஆலைகளில் பெண்களின் எண்ணிக்கை நாளடைவில் குறைந்தது. புதிய இயந்திரங்கள் வந்தபோது நூல் சுற்றும் பிரிவுகளில் ஆட்குறைப்பு நடந்தது. பிள்ளைப்பேற்று உதவி தரவேண்டியிருந்ததால் முதலாளிகள் பெண்களைச் சேர்க்கத் தயங்கினர். பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவளை வாயிலில் நிறுத்த ஒரு சாக்காயிற்று. சங்கம் இதனைப் போதிய அளவு எதிர்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஆலைக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்கள் உழைப்பை நிறுத்திவிடவில்லை. வீட்டிலிருந்தபடி துணி தைத்தனர்; துணிக்கடைகளுக்குத் தலைச்சுமையாகப் பொதி சுமந்தனர்; காய்கறி விற்றனர். ஆலைத் தொழிலாளருக்குக் கிடைத்த வேலைநேரமோ விடுப்போ இவர்களுக்கு இல்லை. சங்கம் 1954-இல் மகளிர் பிரிவு ஒன்றைத் தொடங்கித் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல் முதலியன கற்பித்தது. மறு ஆண்டு இளா பட் என்னும் இளம் வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தார். அனசூயாவைத் தம் வழிகாட்டியாகக் கொண்ட அவர், நாளடைவில் மகளிர் பிரிவின் பொறுப்பை ஏற்றார்; தெருக்களில் சுமைதூக்கும் பெண்களின் நிலையை அங்கிருந்து கண்டார்.

அனசூயா சாராபாய் 1972-இல் தம் எண்பத்தேழாம் அகவையை ஒட்டி மறைந்தார். அவ்வாண்டே இளா பட் அப்பெண்களை ஒன்றுசேர்த்து, சேவா எனப்படும் சுயதொழில் மகளிர் சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றார். இவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் முதலில் மறுத்தனர். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டும் அன்று, உழைப்போர் ஒன்றுகூடுவதற்கே என்று இளா பட் வாதிட்டார். 1972 ஏப்ரலில் அச்சங்கம் பதிவு செய்யப்பட்டது.